பில் இல்லாத கவரும் ரசீது இல்லாத அபராதமும்

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். வேலூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், பேர் போட வேண்டாம், பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஆறு வருஷமாக டிபன் கடை நடத்துகிறேன். நானும் மனைவியும், கூட ஒரு பையன். காலையில் இட்லி, பொங்கல், பூரி. சாயங்காலம் டீ, போண்டா. பாதிக்கு மேல் பார்சல்தான். போன மாதம் திடீரென்று நாலு பேர் வந்து கவர், பேப்பர் கப், பார்சல் ஷீட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு 2,000 ரூபாய் அபராதம் என்றார்கள். முதல் தடவை இதுதான். கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டால் அப்புறம் வந்து வாங்கிக்கொள் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. பேப்பர் கப் எப்படி பிளாஸ்டிக் ஆகும்? கவர் போடுகிறவர் இப்போது "கரையும் கவர்" என்று ஒன்றைக் காட்டி, 120 மைக்ரான் தடிமன், எவனும் கை வைக்க முடியாது என்கிறார். விலை மூன்று மடங்கு. என் கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது, அதை வந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் எங்களை மாதிரி ஆட்களுக்கு மட்டும்தானா? இனி நான் என்னதான் செய்வது? இத்தனைக்கும் கடையில் சேரும் கவரை நான் தெருவில் போடுவதில்லை, ராத்திரி கடைக்குப் பின்னால் கொளுத்திவிடுவேன்.

பதில்:

தம்பி, உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நல்ல காரியம் செய்வதாக நினைத்து நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே என்னைப் பதறவைத்தது. கொளுத்துவதை இன்று ராத்திரியோடு நிறுத்துங்கள். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. கவருக்காக 2,000 கட்டியதற்கே இத்தனை வருத்தப்படுகிற நீங்கள், யாராவது ஒருவர் போனில் படம் பிடித்து அனுப்பினால் அதைவிடப் பெரிய தொகைக்கு மாட்டுவீர்கள். காசை விடுங்கள், பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்த எதையும் எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அந்தப் புகையை முதலில் மூக்கில் வாங்குவது பாத்திரம் கழுவ பின்பக்கம் போகும் உங்கள் மனைவியும் அந்தப் பையனும்தான். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, அபராதத்துக்கு வருவோம். அதிகாரிகள் வந்து பொருளை எடுத்தது சட்டப்படி சரிதான், அதில் உங்கள் பக்கம் பேச என்னிடம் வாதம் இல்லை. 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் அதிகாரத்தை வைத்து 2018 ஜூன் 25-இல் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டது, எண் 84. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற 14 வகைப் பொருட்களைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்க, கொண்டுபோக, பயன்படுத்த 2019 ஜனவரி 1 முதல் தடை. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் ஷீட், மேஜையில் விரிக்கும் ஷீட், பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோல் தட்டு, கப், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, கொடி, கைப்பிடி வைத்த பை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், இப்படிப் போகிறது பட்டியல். உங்களிடம் எடுத்த மூன்றுமே அதில் இருக்கின்றன. தடையே செல்லாது என்று உற்பத்தியாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள், 2019-இல் அங்கே தோற்றார்கள்.

ஆனால் 2,000 ரூபாய் கணக்குதான் எனக்கு இடிக்கிறது. 2019 ஜூனில் அபராதத்துக்கு ஓர் அட்டவணை அறிவித்தார்கள். சின்ன வியாபாரி என்றால் முதல் தடவை 100, இரண்டாவது 200, மூன்றாவது 500. மளிகை, மருந்துக் கடை அளவு என்றால் 1,000, 2,000, 5,000. பெரிய ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், மால் என்றால் 10,000, 15,000, 25,000. உங்களை எந்த வகையில் சேர்த்தார்கள்? டிபன் கடையைச் சின்ன வியாபாரி என்று எடுத்தால் முதல் தடவைக்கு 100 ரூபாய். நடுத்தரம் என்று எடுத்தாலும் முதல் தடவைக்கு 1,000. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அந்த அட்டவணையில் முதல் தடவைக்கு 2,000 வரவில்லை. உங்கள் ஊர் உள்ளாட்சி தனியாகத் துணைவிதி ஏதாவது போட்டு, அதன் கீழ் வாங்கியிருந்தால் அந்த விதியின் பேரும் பிரிவும் ரசீதில் இருக்க வேண்டும். ரசீதே கையில் இல்லை என்னும்போது, நீங்கள் கட்டியது அபராதமா வேறு எதுவுமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை இது. வெள்ளைத்தாளில் உங்கள் ஊர் உள்ளாட்சியின் ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், என் கடையில் இன்ன பொருட்களை எடுத்தார்கள், இவ்வளவு பணம் வாங்கினார்கள், அபராத ரசீதும் பறிமுதல் பட்டியலும் கொடுங்கள் என்று நாலே வரி. கோபம் வேண்டாம், "ஏழை வியாபாரி" என்ற புலம்பலும் வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளைக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதில் மூன்றே கேள்வி கேளுங்கள். அன்றைய தேதியில் என் கடையில் வசூலித்த தொகைக்கான ரசீதின் நகல். எந்த விதியின் எந்தப் பிரிவின் கீழ், எத்தனையாவது குற்றமாக வசூலித்தீர்கள். கடந்த ஒரு வருஷத்தில் இதே பொருட்களை மொத்தமாக விற்கிறவர்கள், குடோன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள், எவ்வளவு வசூலித்தீர்கள்.

மூன்றாவது கேள்வியை ஏன் போடச் சொல்கிறேன் என்றால், அதே அட்டவணையில் மேலே ஒரு வரி இருக்கிறது. இந்தப் பொருட்களைச் சேமித்து வைத்து, சப்ளை செய்து, விற்கிறவருக்கு முதல் தடவையே 25,000 ரூபாய், அடுத்து 50,000, மூன்றாவது தடவை ஒரு லட்சம். உங்களுக்கு நூறு ரூபாய் என்றால் உங்களுக்குக் கவர் போட்டவருக்கு இருபத்தைந்தாயிரம். சட்டத்தை எழுதியவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே இருந்தது. நடைமுறையில் மட்டும் பஸ் ஸ்டாண்டு ஓரம் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே கடை திறந்திருக்கிறது, பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, கேட்டால் பணமும் கிடைக்கிறது; குடோன் என்றால் பூட்டு, ஆள் செல்வாக்கு, போன் கால், எல்லாம் இருக்கும். நான் சொல்வது ஊகம்தான், ஆனால் பல வருஷமாக இந்த மாவட்டத்துக் கோர்ட் வராண்டாவில் நடந்து பார்த்து வந்த ஊகம்.

இங்கே உங்களை ஒன்று கேட்கிறேன். கவர் போட்டவரிடம் இந்த ஆறு வருஷத்தில் ஒரு பில்லாவது வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள். அவரும் கொடுத்திருக்க மாட்டார். சைக்கிளிலோ டி.வி.எஸ். வண்டியிலோ வந்து கட்டுக்கட்டாக இறக்கிவிட்டு, சில்லறை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பில் இருந்தால் அன்று வந்த நாலு பேரிடமும் அதை நீட்டி, "சார், இது இன்ன இடத்தில் வாங்கினது" என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், அப்புறம் அவர்கள் அங்கே போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பில் இல்லாததால் சங்கிலி உங்கள் கடையோடு அறுந்துபோனது. இனிமேல் இலை வாங்கினாலும் சரி, தட்டு வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் பேக்கிங் சாமான் எதையும் கடைக்குள் விடாதீர்கள்.

அடுத்து அந்தக் கரையும் கவர். விற்கிறவர் ஒரே மூச்சில் இரண்டு வெவ்வேறு சட்டத்தைச் சேர்த்துப் பேசி உங்களைக் குழப்பியிருக்கிறார், பாவம் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். 120 மைக்ரான் என்பது மத்திய அரசின் விதி. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைத் திருத்தி, பை 75 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்று 2021 செப்டம்பர் கடைசியில் கொண்டுவந்தார்கள், 2022 டிசம்பர் 31 முதல் அது 120 மைக்ரான் ஆனது. தடிமனாக இருந்தால் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள், பொறுக்கி விற்கிறவருக்கும் எடை நிற்கும் என்பது கணக்கு. தமிழ்நாட்டு ஆணையில் தடிமன் பேச்சே கிடையாது. எந்த மைக்ரானாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. மத்திய விதியைவிட மாநிலம் கடுமையாக இருக்கலாமா என்றால் இருக்கலாம். ஆகவே 120 மைக்ரான் என்று அச்சடித்த பை காட்பாடி தாண்டி வேறு மாநிலத்தில் செல்லுபடியானாலும் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் செல்லாது.

மக்கிப்போகும் பை என்பது வேறு சமாச்சாரம். மக்காச்சோள மாவு மாதிரியான பொருட்களிலிருந்து செய்வது, மாநில ஆணையில் இதற்கு விலக்கு உண்டு. இதற்குத் தடிமன் கட்டுப்பாடு மத்திய விதியிலும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரே கவரைக் காட்டி "கரையும், 120 மைக்ரானும்" என்று பெருமை பேசுகிறவருக்கு இரண்டுமே தெரியவில்லை என்று அர்த்தம். உண்மையான மக்கும் பை என்றால் அது மக்கும் வகை என்று பையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், தயாரித்தவர் பேர் இருக்க வேண்டும், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தர எண்ணுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் வேண்டும். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலை வாரியம் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். பச்சை மையில் ஓர் இலைப் படமும் "பயோ" என்ற வார்த்தையும் மட்டும் இருந்தால் அது படம்தான், பை இல்லை. அசல் பை கிடைத்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அது சூடும் ஈரமும் சரியாக இருக்கும் உரக்கூடத்தில்தான் மக்கும், உங்கள் கடைக்குப் பக்கத்துக் கால்வாயில் போட்டால் மற்ற கவர் மாதிரியே தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடக்கும். மூன்று மடங்கு விலை கொடுத்து அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேப்பர் கப் கேள்விக்குச் சின்னப் பதில். வெறும் காகிதத்தில் டீ ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் ஊறிக் கையில் கொட்டும். கொட்டாமல் இருப்பதற்கு உள்ளே மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். இந்த மாதிரிக் கப்பில் 100 மில்லி சூடான தண்ணீரை 15 நிமிஷம் வைத்தால் ஏறத்தாழ 25,000 பிளாஸ்டிக் துணுக்குகள் தண்ணீரில் இறங்குகின்றன என்றார்கள். கப் தயாரிப்பாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2023 அக்டோபரில் தடை சரி என்றே தீர்ப்பு வந்தது. துணி மாதிரி இருக்கும் ஜவுளிக்கடைப் பையை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள், அது உங்களுக்கு வேண்டாத விஷயம். சத்துவாச்சாரியில் எங்கள் கோர்ட் வாசல் டீக்கடையில் கண்ணாடி டம்ளர்தான். வெந்நீர் அண்டா ஒன்று, கழுவ ஓர் ஆள். அவர் என்னிடம் சொன்ன கணக்கு, கப் வாங்குகிற காசில் அந்த ஆளுக்குச் சம்பளம் வந்துவிடுகிறது என்பது. உங்கள் வியாபாரத்துக்கு அது ஒத்துவருமா என்று நீங்கள்தான் பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது சிப்ஸ் சரம். உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன்.

"கெடுத்தவனே காசு கட்ட வேண்டும்" என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்ததற்குக் காரணம் நம்முடைய பாலாறு, தெரியுமா? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்து கிணறெல்லாம் உப்பானபோது, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்று நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து 1991-இல் நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விவசாய நிலம் கெட்டுப்போனதாக அதிலேயே எழுதியிருக்கிறது. ஆலைக்குப் பத்தாயிரம் அபராதம், அதற்குமேல் கெடுத்த மண்ணைச் சரிசெய்யும் செலவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் கெடுத்தவர்களிடமே வசூலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நான் சட்டம் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் வந்தது. எந்த ஊர் சட்டக் கல்லூரியிலும் பரீட்சைக்கு "வேலூர் கேஸ்" படிக்காமல் தேற முடியாது, அந்தக் காலத்தில் எனக்கு அதில் ஓர் அல்பப் பெருமை. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், ஆறு இன்னும் அப்படியேதான். அதே தோல் கழிவு விவகாரத்தில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் இடையில் இருபத்தெட்டு வருஷம் என்ன நடந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அதே கொள்கையின் பிளாஸ்டிக் வடிவம்தான் தயாரிப்பாளர் பொறுப்பு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விரிவாக விதி வகுத்தது. பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர், பிளாஸ்டிக் உறை தயாரிக்கிறவர் மூவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், சந்தையில் எவ்வளவு எடை உறையை விட்டார்களோ அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த எடையில் 2021-22-இல் 25 சதவீதம், அடுத்த வருஷம் 70, 2023-24-இல் 100 சதவீதம். அவர்களே தெருவில் இறங்கிப் பொறுக்க வேண்டியதில்லை, மறுசுழற்சி செய்கிறவரிடம் சான்றிதழ் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஓட்டை அங்கேதான். 2023-இல் வாரியம் ஒருசில மறுசுழற்சி நிறுவனங்களைத் தணிக்கை செய்ததிலேயே ஆறு லட்சத்துக்கு மேல் போலிச் சான்றிதழ் பிடிபட்டது. பழைய தோல் கழிவுக் கதைதான், இந்தத் தடவை காகிதத்தில்.

சிப்ஸ் உறை மாதிரிப் பல அடுக்கு ஒட்டிய சமாச்சாரத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்க மாட்டார். பால் கவரை எடுப்பார், தண்ணீர் பாட்டிலை எடுப்பார், பளபளவென்று மின்னுகிற இதைத் தொட மாட்டார், ஏனென்றால் அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின் கரையோர முள்மரங்களில் தோரணம் மாதிரி தொங்கியதில் நான் பார்த்தவரை பாதி இந்த உறைதான், மீதி உங்களையும் என்னையும் மாதிரி ஆட்கள் போட்ட கவர். 2018 ஆணையில், ஆலையிலேயே அடைத்து வரும் உறைக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2020-இல் அந்த விலக்கை எடுத்தார்கள். எடுத்து இத்தனை வருஷம் ஆகியும் உங்கள் கடைச் சரம் தொங்குகிறது என்பதே உங்கள் கேள்விக்குப் பதில். சட்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, ஆனால் நடவடிக்கை பெரும்பாலும் உங்களுக்கு மட்டும்தான். இதை ஒரு வக்கீலாக எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதில் உங்கள் கையில் இருப்பது என்ன? ஒன்று, அந்தச் சரத்தில் கம்பெனிப் பேர், பதிவு எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண் எதுவுமே இல்லாத மொட்டைப் பாக்கெட்டுகள் இருக்கும், அவற்றை நாளைக்கே இறக்கிவிடுங்கள், அதற்கு இன்னொரு துறைக்காரர் தனியாக வருவார். இன்னொன்று, உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தில் பேசுங்கள். பத்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டு, இன்னின்ன கம்பெனி உறை எங்கள் ஊரில் இவ்வளவு சேர்கிறது, திரும்ப எடுக்க இங்கே என்ன ஏற்பாடு என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் அதே தாளைக் கொடுங்கள். ஒரு வாரம் கடையில் சேரும் உறையைச் சாக்கில் பிடித்து எடை போட்டு எழுதினால் மனுவுக்குப் பலம் வரும். கொளுத்தாமல் இருந்தால்தான் எடை போட முடியும்.

அப்புறம், வியாபாரம். உங்கள் தலைவலி இட்லி இல்லை, சாம்பார். இட்லியை வாழை இலையிலோ மந்தாரைத் தையல் இலையிலோ கட்டி, மேலே வெள்ளைத்தாள் சுற்றிக் கொடுக்கலாம். நியூஸ் பேப்பர் மட்டும் வேண்டாம், சாப்பாட்டை அதில் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது, அச்சு மை உணவில் இறங்கும். பூரி, போண்டாவுக்கும் இலையே போதும். சாம்பாருக்கு உங்கள் வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தினம் வருகிற உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள், அவர்களிடம் தூக்கு கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூட ஊற்றுங்கள். காசு குறைப்பதைவிட அந்த ஒரு கரண்டிக்கு மரியாதை அதிகம், இது என் மாமியார் ஊர்க் கடையில் பார்த்தது. தூக்கு மறந்தவர்களுக்கு நீங்களே மூடி போட்ட ஸ்டீல் டப்பா இருபது வாங்கி வைத்து, ஐம்பதோ நூறோ முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள், டப்பா வந்தால் பணம் திரும்பும்.

இது புதுசு ஒன்றும் இல்லை. கோலி சோடா பாட்டிலைக் கடை வாசலிலேயே குடித்துத் திருப்பிக் கொடுத்த ஊர்தான் நாம். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வைத்து, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள், காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில் எல்லாம் கடைக்கே திரும்பி வர ஆரம்பித்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் தண்ணீர் பாட்டிலுக்கு 2003-லிருந்து 25 சென்ட் இப்படித்தான் பிடித்து வைக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு என்றால் யாரும் ஒரு பொருளை வீசுவதில்லை, தடை போட்டு ஆள் வைத்துப் பிடிப்பதைவிட எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் தூக்கும் முன்பணமும் பேச முடியாது, அது எனக்கும் தெரியும். அவர்களுக்கு என்று பார்சலையே மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றிப் பிசறிய பொடி இட்லி, கெட்டியாக அரைத்த தேங்காய்ச் சட்னி ஓர் இலைத் துண்டில், பொங்கலுக்கு மேலேயே ஒரு கரண்டி கொத்சு. ஓடுகிற பஸ்ஸில் சாம்பார் கவரின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துச் சட்டையில் கொட்டிக்கொண்ட யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். கைப்பை கேட்கிறவர்களுக்கு மஞ்சப்பை பத்து ரூபாய் என்று மாட்டி வையுங்கள். 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போக யாரும் வெட்கப்படுவதில்லை, எங்கள் ஜூனியர் பையன்களே கேஸ் கட்டை அதில்தான் கொண்டுவருகிறார்கள்.

எடுத்துக்கொண்டு போன பொருளைத் திரும்பக் கேட்காதீர்கள், வராது, வந்தாலும் அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. பரணில் இன்னும் ஏதாவது கட்டு மிச்சம் இருந்தால் உள்ளாட்சியின் குப்பைத் தரம்பிரிக்கும் கூடத்தில் நீங்களே கொண்டுபோய் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டாம் தடவை பிடிபட்டால் அட்டவணையில் அடுத்த கட்டத்துக்குப் போவீர்கள், அப்போது முதல் தடவை எந்த வகையில் எழுதினார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அந்த ரசீதுதான். மனுவை எழுதி முடித்ததும் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். தேதியை மறக்காமல் போடுங்கள், பாதிப் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.